பொண்ணுக்கு எதற்கு ஓப்பன் போட்டி? – வாசகர் கேள்வி, பதில்

பெண் பிள்ளைகள் செஸ் ஆடுவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் பாதிக்கு மேல் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்துக் கடிதங்கள். நானும் அந்தப் பக்கத்து ஆள் என்பதாலோ என்னவோ, உரிமையோடு திட்டியும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

ஒரு அம்மா, நீடாமங்கலம்: அக்கா, என் மகளுக்கு 12 வயது. மாவட்ட அளவில் பெண்கள் பிரிவில் கப்பு வாங்குகிறாள். ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) 1500 கிட்ட இருக்கிறது. கோச் இனிமேல் ஆண், பெண் எல்லாரும் சேர்ந்து ஆடுகிற ஓப்பன் பிரிவில் போடுங்கள் என்கிறார். வீட்டுக்காரரோ, ‘அங்கே போய் முப்பதாவது இடம் வாங்குவதற்கு இங்கேயே கப்பு வாங்கட்டுமே’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கோச் சொல்வதை. வீட்டுக்காரரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஷோகேஸில் கப்பு நிற்பது எந்த அப்பாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் ரேட்டிங் கணக்கைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ரேட்டிங் வேகமாக ஏறும், இறங்கும், அந்த விதிப்படி உங்கள் மகள் 1400 ரேட்டிங் உள்ள ஒரு பெண்ணை ஜெயித்தால் கிடைப்பது சுமார் 14 புள்ளி, அதே பெண்ணிடம் தோற்றால் போவது 26. ஓப்பனில் 1700 உள்ள ஒருவரிடம் தோற்றால் 10 புள்ளிதான் போகும், ஜெயித்தால் 30 வரும், டிரா செய்தாலே 10 வரும். அதாவது பெண்கள் பிரிவில் எல்லாரையும்விட அதிக ரேட்டிங்கோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு ஆட்டமும் இழப்பதற்கான ஆட்டம், ஓப்பனில் நடுவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு ஆட்டமும் சம்பாதிப்பதற்கான ஆட்டம்.

புள்ளியை விடுங்கள், ஆட்டம் மாறுவதுதான் முக்கியம். கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஓப்பன் போட்டியில் இப்படி ஒரு பெண்ணைப் பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் ஸ்கோர் ஷீட் பறக்காமல் இருக்க வாட்டர் பாட்டிலை அதன் மேல் வைத்துக்கொண்டு ஆடினாள். எதிரே வேலைக்குப் போகிற, நாற்பது வயது தாண்டிய ஒருவர். இருபதாவது நகர்த்தல் வாக்கில் அவரே பெரிய மனசு பண்ணி ‘டிரா?’ என்றார். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். ஆளுக்கொரு யானையும் சில சிப்பாய்களுமாக எண்ட்கேம், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டம், இழுத்துக்கொண்டே போய், கிளாக்கில் ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் தோற்றாள். வெளியே வந்து, அம்மா பிசைந்து கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, ராஜாவை முன்னாடியே வெளியே கொண்டுவந்திருக்கணும் என்று காற்றில் விரலால் கட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். பெண்கள் பிரிவில் அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு எண்ட்கேம் வருவதற்கே வாய்ப்பில்லை, இருபது நகர்த்தலில் எதிராளி ராணியை விட்டிருப்பாள்.

அதற்காகப் பெண்கள் பிரிவை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. மாவட்ட, மாநிலத் தேர்வு, தேசியப் போட்டி, பள்ளிக் கல்வித்துறைப் போட்டி, இதற்கெல்லாம் பெண்கள் பிரிவில் ஆடட்டும், அதில்தான் தேர்வும் சான்றிதழும் இருக்கிறது. மிச்ச சனி ஞாயிறெல்லாம் ஓப்பன். முப்பதாவது இடம் வந்தால் அந்த இருபத்தொன்பது பேர் யார் என்று பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுக்காரரை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை: உடல் பலமே தேவைப்படாத ஆட்டத்தில் பெண்களுக்கு எதற்குத் தனிப் போட்டி, தனிப் பட்டம்? இது பெண்களை மட்டம் தட்டுவது ஆகாதா?

ஐயா, ஆனந்த் பிறந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள், நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். (அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மா சுசீலா என்பதையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம்.)

செஸ்ஸில் இன்றைக்கு ஆண்கள் பிரிவு என்று ஒன்று கிடையாது. ஓப்பன் உண்டு, பெண்கள் பிரிவு உண்டு. ஓப்பனில் யாரும் ஆடலாம். ஆனால் இது தானாக வந்துவிடவில்லை. 1976இல் ரோகிணி காடில்கர் இந்திய ஆண்கள் சாம்பியன்ஷிப்பில் ஆட இறங்கியபோது ஆண் ஆட்டக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் தலைவர் மாக்ஸ் யூவே, பெண் என்பதற்காக யாரையும் விலக்கக் கூடாது என்று சொல்லவேண்டி வந்தது. ஹங்கேரியில் சூசன் போல்கருக்கு 1986இல் இதே தொல்லை. உலக சாம்பியன் பட்டத்துக்கான சுற்றில் ஆடத் தகுதி பெற்றும், அது ‘ஆண்கள்’ சாம்பியன்ஷிப் என்று சொல்லி விடவில்லை. அதே சமயத்தில் ஃபிடே இன்னொரு வேலையும் செய்தது. பெண்கள் தங்களுக்குள்ளேயே ஆடுவதால் அவர்கள் ரேட்டிங் குறைவாக நிற்கிறது என்று சொல்லி எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளி சும்மா கொடுத்தது, சூசன் ஒருவரைத் தவிர. காரணம், அவர் ஆண்களோடு ஆடிக்கொண்டிருந்தார். ஒரே ராத்திரியில் பெண்கள் பட்டியலின் முதல் இடம் அவர் கையை விட்டுப் போனது. 1991இல் நார்ம் (பெரிய போட்டிகளில் பட்டத்துக்கேற்ற அளவு ஆடிக் காட்டுவது), ரேட்டிங் எல்லாம் முறையாக முடித்து கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

பட்டத்துக்கு வருகிறேன். கிராண்ட்மாஸ்டர் ஆக ரேட்டிங் 2500 தொட வேண்டும், நார்ம்களும் வேண்டும். பெண் கிராண்ட்மாஸ்டர் என்ற தனிப் பட்டத்துக்கும் நார்ம் வேண்டும், ஆனால் ரேட்டிங் 2300 போதும். இந்தத் தனிப் பட்டம் எனக்கும் பெரிதாகப் பிடித்தமில்லை. பத்திரிகைகள் இரண்டையும் குழப்பி எழுதுவதால், 2500 தாண்டிய பெண்ணுக்கும் 2300இல் நிற்கும் பெண்ணுக்கும் ஒரே தலைப்பு போடுகிறார்கள், நஷ்டம் முதல் ஆளுக்குத்தான். ஆனால் ஊரில் விஜயலட்சுமி சுப்பராமன் மாதிரி ஒருவர் இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் என்ற பட்டத்தோடு வந்து நின்றபோது, நம் ஊர்ப் பெண்ணாலும் முடியும் என்று எத்தனை வீட்டில் போர்டு வாங்கினார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

தனிப் போட்டி வேறு விஷயம், அது இருந்தே ஆக வேண்டும். செஸ் ஆடிச் சாப்பிட வேண்டும் என்றால் பரிசுப் பணம் வேண்டும். 2024இல் டொராண்டோவில் ஒரே இடத்தில் இரண்டு கேண்டிடேட்ஸ் போட்டி (உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்வது) நடந்தது. ஓப்பனுக்கு மொத்தப் பரிசு 5 லட்சம் யூரோ, பெண்களுக்கு 2.5 லட்சம். பாதி. அந்தப் பாதியும் இல்லையென்றால் 2500இல் இருக்கிற ஒரு பெண் என்ன செய்வார்? அந்த ரேட்டிங்கில் இருக்கிற ஆண்கள் பலர் கோச்சிங் கொடுத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள். நார்வே செஸ் போட்டியில் 2024 முதல் இரண்டு பிரிவுக்கும் ஒரே பரிசுத் தொகை என்று ஆக்கிவிட்டார்கள். மற்றவர்களும் செய்தால் நீங்கள் கேட்கிற மரியாதை அதில் வரும்.

கல்லூரி மாணவர், தஞ்சாவூர்: உலக டாப் 10இல் ஒரு பெண்கூட இல்லை. மூளையே அப்படித்தான் என்கிறான் நண்பன். பூசி மெழுகாமல் பதில் சொல்லுங்கள்.

சரி தம்பி, பூசாமல் சொல்கிறேன். இப்போது இல்லை. இருந்திருக்கிறார். ஜூடித் போல்கர், சூசனின் தங்கை, உலகத் தரவரிசையில் 8ஆம் இடம் வரை போனவர், உச்ச ரேட்டிங் 2735. 15 வயதில் கிராண்ட்மாஸ்டர், முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் வைத்திருந்த இளம் வயதுச் சாதனையை முறியடித்தவர். 2005இல் எட்டே பேர் ஆடிய உலக சாம்பியன்ஷிப்பில் ஒருவர். 2002இல் மாஸ்கோவில் ரேபிட் எனும் வேக ஆட்டத்தில், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த காஸ்பரோவைத் தோற்கடித்தார், பெண்கள் ஆட்டத்தைப் பற்றி இளக்காரமாகப் பேசிவந்த அதே காஸ்பரோவை. இவருக்கு மூளை மட்டும் தனியாக வந்ததா என்று நண்பனிடம் கேளுங்கள்.

இந்த இளக்காரம் ரொம்பப் பழசு. 1929இல் கார்ல்ஸ்பாட் போட்டிக்கு அப்போதைய பெண்கள் உலக சாம்பியன் வேரா மென்சிக் வந்தபோது, அவரிடம் தோற்பவர்களை எல்லாம் ‘வேரா மென்சிக் கிளப்’பில் சேர்த்துவிடலாம் என்று ஆல்பர்ட் பெக்கர் என்ற ஆட்டக்காரர் கிண்டல் செய்தார். முதல் உறுப்பினர் ஆனது அவரேதான். பிறகு அந்தக் கிளப்பில் சேர்ந்தவர்களில் ஒருவர் மாக்ஸ் யூவே. ஆமாம், மேலே மாயவரம் ஐயாவுக்குச் சொன்ன அதே யூவே. 1935இல் உலக சாம்பியன் ஆனார். மென்சிக்கிடம் தோற்றதால் அவர் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

எண்ணிக்கைதான் பெரிய விஷயம். உலகத்தில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கியவர்கள் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேல், அதில் பெண்கள் நாற்பது சொச்சம். ஆடுகிறவர்களிலேயே பெண்கள் மிகக் குறைவு எனும்போது உச்சியில் எத்தனை பேரை எதிர்பார்ப்பீர்கள்? ஜெர்மனி ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கை வைத்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உச்சியில் உள்ள ஆண், பெண் வித்தியாசத்தில் 96 சதவீதத்தை எண்ணிக்கைக் கணக்கே விளக்கிவிடுகிறது என்றது. இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களும் உண்டு, சண்டை ஓயவில்லை. நான் ஆய்வாளர் இல்லை, ஆனால் டெல்டாவில் நடப்பதைப் பார்க்கிறேன். 9 வயதுப் பிரிவில் பெண் பிள்ளைகள் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும், 15 வயதுப் பிரிவுக்குப் போனால் மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்கிற கதைதான். மூளையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வழியில் எந்த மதகு அடைத்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

வாசகி, திருவாரூர்: பூவனூர் கோயில் கதையிலேயே செஸ் ஆடிய ராஜகுமாரி தோற்றுத்தானே போகிறாள்?

தெரியாதவர்களுக்காகக் கதை. நீடாமங்கலம் பக்கத்தில் பூவனூர், சுவாமி பெயர் சதுரங்க வல்லபநாதர், அப்பர் பாடிய தலம். வசுசேனன் என்ற ராஜாவின் மகள் ராஜராஜேஸ்வரியைச் சதுரங்கத்தில் ஜெயிக்க ஆளே இல்லை. ஜெயிப்பவருக்குத்தான் பெண் என்று ராஜா சொல்லிவிட்டார். வந்தவர்கள் எல்லாம் தோற்றார்கள். கடைசியில் சிவபெருமானே வயசான சித்தராக வந்து ஆடி ஜெயித்துக் கல்யாணம் செய்துகொண்டார் என்று கதை. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது தொடக்க விழாவில் பிரதமர்கூட இந்தக் கோயிலைப் பற்றிப் பேசினார்.

தோற்றது உண்மைதான் அம்மா. ஆனால் மனுஷர்கள் யாரிடமும் தோற்கவில்லையே! தோற்கடிக்க சாமியே வேஷம் போட்டுக்கொண்டு வரவேண்டியிருந்தது. எனக்கு அந்தக் கதையில் ஒரே குறை, அந்த ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட் கிடைக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, பட்டுக்கோட்டை: அக்கா, பையன்களோடு ஆடினால் எனக்குப் படபடப்பு வந்துவிடுகிறது. ஜெயித்தாலும் ‘பொண்ணுகிட்ட தோத்துட்டியேடா’ என்று அவனைத்தான் கிண்டல் செய்கிறார்கள். வெறுப்பாக இருக்கிறது.

இருக்கும் கண்ணு. உனக்கு மட்டும் இல்லை. இத்தாலியில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஒரு சோதனையில், இணையத்தில் முகம் தெரியாமல் ஆட வைத்தார்கள். எதிராளி ஆண் என்று தெரிந்தபோது பெண்களின் ஆட்டம் சரிந்தது. எதிராளி பெண் என்று பொய் சொன்னபோது, அதே ஆண்களிடம் சரிசமமாக ஆடினார்கள். எதிரே இருந்த ஆள் மாறவில்லை, மனசில் இருந்த நினைப்புதான் மாறியது.

அதனால் ஒரு சின்னப் பழக்கம் வைத்துக்கொள். யாரோடு யார் என்ற பேரிங் பட்டியலை ஒட்டியதும் பெயரைப் பார்க்காதே, எந்த போர்டு, வெள்ளையா கறுப்பா என்று மட்டும் பார். உட்கார்ந்ததும் காய்களைக் கட்டத்தின் நடுவில் ஒவ்வொன்றாகச் சரிசெய். நடுவர் கிளாக்கை அழுத்தச் சொல்லும் வரை நிமிராதே. ஜெயித்த பிறகு அவர்கள் பேசுவது அவனுடைய பிரச்சினை, நீ அடுத்த ரவுண்டு வரைக்கும் போய்த் தண்ணீர் குடி.

இந்திய ஆட்டக்காரர் திவ்யா தேஷ்முக் 2024 ஜனவரியில் வெளிப்படையாக எழுதினார், நெதர்லாந்தில் நடந்த வைக் ஆன் ஸீ போட்டியில் நன்றாக ஆடியும் பார்க்கிறவர்கள் தன் உடை, முடி, உச்சரிப்பு பற்றியே பேசுகிறார்கள் என்று. அடுத்த வருஷமே 19 வயதில் ஜார்ஜியாவின் பதுமியில் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார், இறுதியில் இன்னொரு இந்திய கிராண்ட்மாஸ்டரான கோனேரு ஹம்பியை டைபிரேக்கில் ஜெயித்து, அந்த வெற்றியிலேயே கிராண்ட்மாஸ்டரும் ஆனார். பேசினவர்கள் இப்போதும் எங்கேயோ பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

தோல்வி பயத்துக்கு நம் சென்னை கிராண்ட்மாஸ்டர் வைஷாலியைப் படி. 2024 டொராண்டோவில் வரிசையாக நான்கு ஆட்டம் தோற்று, பிறகு வரிசையாக ஐந்து ஆட்டம் ஜெயித்து, இரண்டாம் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டு முடித்தார். 2025 ஆகஸ்டில் சென்னையில் ஆண்களோடு ஆடிய சேலஞ்சர்ஸ் போட்டியில் அடிமேல் அடி. அடுத்த மாதம் சமர்கந்தில் பெண்கள் கிராண்ட் சுவிஸ் பட்டம் அவருக்கு, அதுவும் இரண்டாவது முறையாக. சென்னையில் வாங்கிய அடி வீண்போகவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒரு அப்பா, கும்பகோணம்: பத்தாம் வகுப்பு வருகிறது. செலவும் தாங்கவில்லை. பையன் என்றால் பஸ்ஸில் ஏற்றிவிடலாம், பெண்ணைத் தனியாக எப்படி அனுப்புவது?

மதகு அடைக்கிற இடம் இதுதான், நீங்கள் ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. பத்தாம் வகுப்பு பையனுக்கும் உண்டு, அவன் ஒரு வருஷம் நிறுத்திவிட்டுத் திரும்ப வருகிறான். பெண் நிறுத்தினால் நிறுத்தியதுதான், ஏனென்றால் கூடப் போக ஆள் இல்லை.

வைஷாலி, அவர் தம்பி பிரக்ஞானந்தா வீட்டுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிவியில் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்கத்தான் பெண்ணை முதலில் செஸ்ஸில் சேர்த்தார்கள். அப்பா ரமேஷ்பாபு வங்கி வேலை, அம்மா நாகலட்சுமிதான் ஊர் ஊராக, நாடு நாடாகக் கூடப் போனவர், இண்டக்‌ஷன் அடுப்பும் பாத்திரமும் தூக்கிக்கொண்டு, போன இடத்தில் ரசம் சாதம் வைத்துக்கொடுத்து. ஹம்பியின் அப்பா அசோக் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தன் வேலையையே விட்டார். எல்லா வீட்டிலும் இது முடியாது, முடிய வேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஒரு பெண் பிள்ளை செஸ் ஆடக் குடும்பத்தில் ஒருவர் வேலையை விட வேண்டும் என்றால் அந்த ஏற்பாட்டில்தான் கோளாறு.

முடிந்ததைச் சொல்கிறேன். கும்பகோணம், பாபநாசம், தஞ்சாவூர் என்று உங்கள் வழியிலேயே ஆடுகிற நான்கைந்து பெண் பிள்ளைகளின் வீடுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு போட்டிக்கு ஒரு அம்மாவோ அப்பாவோ எல்லாரையும் கூட்டிப்போகட்டும், அடுத்ததற்கு இன்னொருவர். சென்னைப் போட்டி என்றால் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலை சென்னை, லாட்ஜ் செலவு ஒரு நாள் மிச்சம். பத்தாம் வகுப்பு வருஷம் வெளியூர் வேண்டாம், ஆனால் தினம் அரை மணி பசில் போடுவதை நிறுத்த விடாதீர்கள். பள்ளி விடுமுறையில் ஒன்றிரண்டு போட்டியாவது ஆடட்டும். சான்றிதழ்களை லேமினேட் செய்து மாட்டாமல் ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள், இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவலாம்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசி ரவுண்டு ராத்திரி எட்டு மணிக்கு முடிந்து, அதற்குப் பிறகு விருந்தினர் வந்து, பரிசளிப்பு பத்து மணிக்கு என்றால், எந்த அப்பா அடுத்த முறை மகளை அழைத்து வருவார்? மண்டபத்தில் பெண்கள் கழிப்பறையைத் திறந்துவைப்பதற்கும் சாவி தேடுகிறீர்கள். இதைச் சரிசெய்ய ஃபிடே வர வேண்டியதில்லை.

மருமகளுக்காகக் கேட்கும் மாமியார், பாபநாசம்: கல்யாணம், குழந்தை ஆன பிறகு ஆடித் தேற முடியுமா?

முடிந்திருக்கிறதே அம்மா. ஹம்பி 2017இல் குழந்தை பெற்று, இடைவெளி விட்டுத் திரும்பி வந்து 2019இல் பெண்கள் உலக ரேபிட் சாம்பியன், 2024இல் மறுபடியும். இன்னொரு இந்திய ஆட்டக்காரர் ஹரிகா மாமல்லபுரம் ஒலிம்பியாடில் நிறைமாத கர்ப்பத்தோடு ஆடினார், அந்த அணி வெண்கலம் வாங்கியது. 2024 புடாபெஸ்டில் தங்கம் வாங்கிய பெண்கள் அணியிலும் ஹரிகா இருந்தார். மருமகள் ஆடும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. உங்களை மாதிரி இன்னும் நாலு மாமியார் எழுதினால் தனிப் பக்கமே ஒதுக்குவேன்.

வாசகர், வேதாரண்யம்: எங்கள் ஊரில் கோச் கிடையாது. யூடியூப் பார்த்து மகள் எவ்வளவு தூரம் போக முடியும்?

முதல் ஃபிடே ரேட்டிங் வரைக்கும் தாராளமாகப் போகலாம். இப்போது குறைந்தபட்ச ரேட்டிங்கே 1400, அதற்குக் கீழே பட்டியலில் வராது. வீடியோ பார்ப்பது கால்வாசி, மிச்சம் முக்கால்வாசி ஆடுவதும் எழுதுவதும். லிசெஸ் என்ற இணையதளம் இலவசம், அதில் பசில் போடலாம், ஆடிய ஆட்டத்தைச் சரிபார்க்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் தப்பைக் காட்டுவதற்கு முன்னால், எங்கே தப்பு என்று தனக்குத் தோன்றுவதை ஒரு நோட்டில் தமிழில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். சில நிமிடத்தில் முடிகிற பிளிட்ஸ் ஆட்டத்தைக் குறைத்துப் பத்து, பதினைந்து நிமிட ஆட்டமாக ஆடட்டும். ரேட்டிங் வந்த பிறகு வாரம் ஒரு மணி நேரம் ஆன்லைன் கோச் போதும், அதற்கு முன்னால் பணம் கேட்பவரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். அடுத்த போட்டிக்குப் பதியும்போது பிரிவு கேட்பார்கள், ஓப்பன் என்று எழுதுங்கள்.